தத்மூர் வளைவிலிருந்து வந்த கல்

ஷார்ஜாவில் ஒரு கல் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். கடைசி நாளன்று சாப்பாட்டுக் கூடத்தில் எனக்காகக் கேக் வெட்டினார்கள். கட்டடங்களை அப்படியே கம்ப்யூட்டரில் பதிவெடுக்கும் ஸ்கேனர் பிரிவுக்குப் புதிதாக வந்திருந்த இன்ஜினியர் பெண் ஒருத்தி, "அங்கிள், உங்க சர்வீஸ்லயே ரொம்பக் கஷ்டமான வேலை எது? சொல்லிட்டுப் போங்க" என்று கேட்டாள். அபுதாபியில் ஒரு ஹோட்டல் முகப்புக்கு ஏழு நிறக் கற்களில் வட்டத் தரை செய்த கதையைச் சொன்னேன். எல்லோரும் கை தட்டினார்கள். அந்தப் பெண் சொன்னாள்: "இனிமே நமக்கு அந்தக் கஷ்டமெல்லாம் இல்ல அங்கிள். எவ்வளவு பழைய கட்டடமா இருந்தாலும் ஒரு தடவை ஸ்கேன் பண்ணிட்டா போதும். அப்புறம் அது அழியவே அழியாது."

நான் தலையாட்டிவிட்டுக் கேக்கைத் தின்றேன்.

நான் சொன்னது பொய். அந்த வட்டத் தரை எங்களைப் பாடாய்ப் படுத்தியது உண்மைதான். ஆனால் கஷ்டமான வேலை அது இல்லை. அது ஒரே ஒரு கல். பழைய டிவிப் பெட்டி அளவு இருக்கும். அந்தக் கல்லைப் பற்றி இதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

அரியலூர் பக்கத்து ஆள் நான். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு இருபத்தாறு வயதில் ஹெல்பராக விமானம் ஏறினேன். முதல் இரண்டு வருடம் கல் தூக்கினேன். அப்புறம் பாலிஷ், அப்புறம் அறுப்பு மிஷின். ஹிந்தி பேசக் கற்றேன். அரபியில் யல்லா (சீக்கிரம்), கலாஸ் (முடிந்தது), மாஃபி (இல்லை) என்கிற மூன்று சொல்லை வைத்துக்கொண்டே பத்து வருடம் ஓட்டினேன். அதற்குப் பிறகுதான் என்னை 'டிரை லே' பகுதிக்கு மாற்றினார்கள். வெட்டி வந்த கற்களைச் சிமென்ட் இல்லாமல், தொழிற்சாலைத் தரையிலேயே, வரைபடத்தில் இருக்கிறபடி பரப்பிப் பார்ப்பதற்குத்தான் அந்தப் பெயர். இடைவெளி சரியா, நிறம் ஒத்துப் போகிறதா, கல்லில் ஓடும் ரேகை பக்கத்துக் கல்லில் தொடர்கிறதா என்று பார்க்க வேண்டும். சரியாக இருந்தால் ஒவ்வொரு கல்லின் முதுகிலும் மெழுகுக் கட்டியால் எண் எழுதி, மரப்பெட்டியில் அடுக்கி சைட்டுக்கு அனுப்புவோம். அங்கே மேஸ்திரி அந்த எண்ணைப் பார்த்துத்தான் பதிப்பான். எண் ஒன்று மாறினால் எல்லாம் மாறிவிடும். எத்தனை லட்சம் கற்களின் முதுகில் எழுதியிருப்பேன் என்று எனக்குத் தெரியாது. ஒருமுறை பதிந்துவிட்டால் அந்த எழுத்தை உலகத்தில் எவனும் பார்க்கப் போவதில்லை.

அந்தப் பகுதிக்கு மேலதிகாரியாக ஃபாரிஸ் வந்தபோது நான் கம்பெனியில் சேர்ந்து இருபது வருடத்தை நெருங்கிக்கொண்டிருந்தேன். சிரியாக்காரர். என்னைவிட நாலைந்து வயது இளையவர். சொந்த நாட்டில் சண்டை முற்றியதும் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்து அஜ்மானில் வீடு பிடித்திருந்தார். எல்லோரும் அவரை முஹந்திஸ் என்று கூப்பிட்டோம். அரபியில் இன்ஜினியர் என்று அர்த்தம். அவர் என்னை அபு செல்வி என்பார். பிள்ளையின் பெயரைச் சேர்த்து, செல்வியின் அப்பா என்று கூப்பிடுவது அவர்கள் வழக்கத்தில் மரியாதை. அவருக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியும் எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலமும் கலந்துதான் பேசிக்கொள்வோம். அவர் பேசியதை இங்கே என் தமிழில் எழுதுகிறேன்.

அவருக்கு முன்னால் இருந்தவர்கள் எல்லாம் கத்துவார்கள். இவர் கத்தி நான் கேட்டதில்லை. காலை ஆறரைக்கு வருவார். ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வெறும் சாக்ஸோடு நாங்கள் பரப்பி வைத்த கல் தரையில் மெதுவாக நடப்பார். கல்லின் ஏற்ற இறக்கம் ஷூவுக்குத் தெரியாது, பாதத்துக்குத் தெரியும் என்பார். தப்பு இருக்கிற கல்லின் மேல் வந்ததும் நின்றுவிடுவார். தப்பு என்னவென்று சொல்ல மாட்டார். "அபு செல்வி, நான் எங்கே நிக்கிறேன்?" என்று கேட்பார். அவ்வளவுதான். நான் குனிந்து அளந்து பார்த்தால் அரை மில்லிமீட்டர் தூக்கலாக இருக்கும். முதல் மாதம் எனக்கு எரிச்சலாக இருந்தது. மூன்றாவது மாதம் நானும் ஷூவைக் கழற்ற ஆரம்பித்தேன்.

பத்து மணி டீ நேரத்தில் தன் ஊரைப் பற்றிப் பேசுவார். தத்மூர். வெளிநாட்டுக்காரர்கள் பல்மைரா என்கிறார்கள். பாலைவனத்துக்கு நடுவில் ரோமானியர் காலத்து நகரம். தூண் வரிசை நிற்கும் அதன் நீளத் தெருவில் ஒரு வளைவு இருந்தது. நடுவில் பெரிய வாசல், இரண்டு பக்கமும் சின்ன வாசல்கள், மேலெல்லாம் இலையும் காயும் முத்துச் சரமுமாகச் செதுக்கல். ஊரில் அதற்குக் கௌஸ் அந்-நஸ்ர் என்று பெயர். வெற்றி வளைவு.

"பேருதான் வெற்றி வளைவு. யாரும் ஜெயிச்சதுக்காகக் கட்டினது இல்ல. அந்த இடத்துல தெரு கோணலாத் திரும்புது. கோணல் தெரியாம இருக்கிறதுக்காகக் கட்டினாங்க" என்று சொல்லிச் சிரிப்பார். "ரெண்டு முகமும் ரெண்டு பக்கம் பார்க்கும். நடக்கிறவனுக்குத் தெரு நேராப் போற மாதிரியே இருக்கும்."

அங்கே பழைய கட்டடங்களைப் பராமரிக்கும் குழுவில் பதினோரு வருடம் வேலை பார்த்திருக்கிறார். அந்த வளைவு அவர் பொறுப்பில் இருந்தது. வேலை என்றால் புதிதாக எதையும் கட்டுவதில்லை, இருப்பது விழாமல் பார்த்துக்கொள்வது. விரிசல் இருக்கிற ஒவ்வொரு இடத்திலும் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டைச் சுண்ணாம்பு வைத்து ஒட்டிவிடுவார்களாம். உள்ளே கல் நகர்ந்தால் கண்ணாடி உடையும். மாதம் பிறந்ததும் ஏணி போட்டு ஏறி ஒவ்வொரு கண்ணாடியையும் பார்த்து, விரிசலின் அகலத்தை அளந்து நோட்டில் எழுத வேண்டும்.

"பதினோரு வருஷத்துல ரெண்டே ரெண்டு கண்ணாடிதான் உடைஞ்சுது. அதுல ஒண்ணு நான் ஏணியால இடிச்சது."

சிமென்டைக் கிட்டே சேர்க்க மாட்டார்கள். சிமென்ட் உப்பைக் கொண்டுவந்து பழைய கல்லை உள்ளேயிருந்து அரித்துவிடும். சுண்ணாம்பு, மணல், அதே கல்லின் தூள், இவைதான். ஒருமுறை சின்ன வாசலுக்கு மேலே இருந்த ஒரு கல்லைத் தட்டிப் பார்த்தபோது பொள்ளலாகச் சத்தம் வந்திருக்கிறது. செதுக்கிய முகம் உடம்பிலிருந்து பிரிந்து நின்றிருக்கிறது. மூன்று இடத்தில் துளை போட்டு, துருப்பிடிக்காத எஃகுக் கம்பி செருகி, முகத்தையும் உடம்பையும் சேர்த்துத் தைத்த மாதிரி பிடித்து வைத்திருக்கிறார். துளையின் வாயைச் சுண்ணாம்புக் கலவையால் மூடும்போது, கல்லின் மட்டத்துக்கு ஒரு மயிரிழை கீழேயே நிறுத்திவிட்டாராம்.

"ஏன் முஹந்திஸ், மட்டமா மூடியிருக்கலாமே? நம்ம வேலையில அப்படி விட்டா ரிஜெக்ட்" என்றேன்.

"பழசு எது, நாம செஞ்சது எதுன்னு அடுத்தவனுக்குத் தெரியணும். நாம பொய் சொல்லக் கூடாது."

அந்த நோட்டு அவரோடு வந்திருந்தது. ஊரைவிட்டுக் கிளம்பும்போது துணிமணிகளோடு அதையும் எடுத்து வந்துவிட்டார். பச்சை அட்டை போட்ட தடித்த கணக்கு நோட்டு. உள்ளே வலமிருந்து இடமாக அரபி எழுத்து, நடுநடுவே அளவு எண்கள். சில பக்கங்களில் பென்சிலில் கல்லின் படம்.

ஊரைப் பிடித்த தீவிரவாதிகள் வளைவை வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள் என்கிற செய்தி வந்தபோது நாங்கள் ஒரு பள்ளிவாசல் முற்றத்துக்கான தரையைப் பரப்பி முடித்திருந்தோம். அவர் போனில் படத்தைப் பார்த்தார். நடுவில் இருந்த பெரிய வளைவு இல்லை. இரண்டு ஓரத் தூண்கள் மட்டும் நின்றன. போனைப் பையில் வைத்துவிட்டு ஷூவைக் கழற்றினார். தரை முழுவதும் இரண்டு தடவை நடந்தார். "பதினாறாம் நம்பரை மாத்து" என்றார். மாற்றினேன். அதன் பிறகு ஒரு காலிப் பெட்டியின் மேல் உட்கார்ந்தார்.

"மில்லிமீட்டர்ல அளந்தேன் அபு செல்வி. மில்லிமீட்டர்ல."

டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். குடிக்காமலே ஆறிப்போனது. அதற்குப் பிறகு டீ நேரத்தில் அவர் அந்த வளைவின் பேச்சை எடுத்ததே இல்லை.

இரண்டு வருடத்துக்கும் மேல் கழிந்திருக்கும். ஒரு சனிக்கிழமை காலை ஃபோர்க்லிஃப்டில் ஒரு மரப்பெட்டி வந்து இறங்கியது. கூடவே மேனேஜர் வந்தார். முதலாளி எப்போதாவதுதான் எட்டிப் பார்ப்பார். தொழிற்சாலை மேனேஜர் கையில்தான் இருந்தது. யாரோ ஒரு வாடிக்கையாளர் புது வில்லா கட்டுகிறார், விருந்தினர் கூடத்துச் சுவரில் ஒரு பழைய செதுக்குக் கல்லைப் பதிக்க வேண்டும் என்கிறார். கல்லின் கனம் ஒரு முழத்துக்கு மேல். சுவர் அவ்வளவு தாங்காது. முகத்தை மட்டும் ஆறு சென்டிமீட்டர் பலகையாக அறுத்து எடுத்துவிட வேண்டும். மிச்சம் வேண்டாம்.

பெட்டியைத் திறந்தோம். பழுப்பு மஞ்சள் நிறக் கல். முகத்தில் இலையும் காயும் ஓரமாக முத்துச் சரமும். ஒரு மூலை புதிதாகச் சிதறியிருந்தது. ஃபாரிஸ் புறங்கையால் செதுக்கலைத் தடவினார். கை ஓரிடத்தில் நின்றது. குனிந்து ஊதினார். தூசி போன இடத்தில் சின்னக் காசு அளவில் வட்டமாக ஒரு பூச்சு தெரிந்தது. பக்கத்தில் இன்னொன்று, கீழே மூன்றாவது. மூன்றுமே கல்லின் மட்டத்துக்கு ஒரு மயிரிழை கீழே இருந்தன.

நானும் பார்த்துவிட்டேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"இதுக்குப் பேப்பர் இருக்கா?" என்று மேனேஜரிடம் கேட்டார்.

"இருக்கே. அலங்காரக் கல்னு போட்டிருக்கு."

"இது எங்க ஊர்க் கல். வளைவோட கல். இதை ரிப்பேர் பண்ணினதே நான்தான்."

மேனேஜர் சிரித்தார். "முஹந்திஸ், செதுக்கின கல் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்."

ஃபாரிஸ் அறைக்குப் போய்ப் பச்சை நோட்டை எடுத்து வந்தார். பக்கம் புரட்டிக் காட்டினார். அதே இலை, அதே காய், மூன்று வட்டம், ஒவ்வொரு கம்பியும் எந்தச் சாய்வில் எவ்வளவு ஆழத்துக்குப் போகிறது என்கிற அளவு, கீழே அவர் கையெழுத்து. மேனேஜர் நிதானமாகப் பார்த்தார். அவர் சிரிப்பு நின்றது. ஆனால் நான் நினைத்த மாதிரி எதுவும் நடக்கவில்லை.

"நோட்டு உங்களோடதா?"

"என்னோடதுதான்."

"இதுல கையெழுத்து உங்களோடது?"

"ஆமா."

"அப்ப யோசிச்சுப் பாருங்க பாய். அந்த இடத்துல பதினோரு வருஷம் வேலை பார்த்த ஆளு நீங்க. கல்லு வந்து நிக்கிறது நீங்க வேலை பார்க்கிற கம்பெனியில. இது எப்படி இங்க வந்துச்சுன்னு நாளைக்கு ஒருத்தன் கேட்டா, முதல்ல யாரைக் கேப்பான்? என்னையா, உங்களையா?" நோட்டை மூடி அவர் கையில் திருப்பிக் கொடுத்தார். "உங்க விசா இந்த வருஷம் புதுப்பிக்கணும்ல? செவ்வாய்க்கிழமை அறுத்துடுங்க. கலாஸ்."

ஃபாரிஸ் நோட்டை வாங்கிக்கொண்டு அப்படியே நின்றார். அந்த நோட்டு அவர் அந்தக் கல்லைக் காப்பாற்றியதற்குச் சாட்சி. அதே நோட்டை வைத்தே மேனேஜர் அவரைத் திருடன் ஆக்கிவிட்டுப் போனார். திரும்பிப் போவதற்கு அவருக்கு ஊர் இல்லை. விசா போனால் நான் அரியலூருக்குப் போவேன். அவர் எங்கே போவார்?

அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. "நீ ஏதாவது செய்" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் எனக்குத் தெரிந்திருந்தது. கல்லோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஆள் நான். நான் போய்ச் சொன்னால் அது வெறும் தகவல். அன்றைக்கே யாரும் பார்க்காதபோது போனில் கல்லைப் படம் எடுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காய்ச்சல் என்று லீவு சொல்லிவிட்டுப் பஸ் பிடித்து ஷார்ஜா நகருக்குள் ரோலாவில் இறங்கினேன். பழம்பொருள் விவகாரங்களைப் பார்க்கிற அரசு அலுவலகம் ஒன்று இருப்பதாக விசாரித்து வைத்திருந்தேன். கேட்டுக் கேட்டு நடந்து போய்ச் சேர்ந்தேன். உள்ளே ஏசி குளிர். கவுன்டரில் ஒரு பெண் இருந்தார். மிகவும் மரியாதையானவர். என் சட்டை வியர்த்திருப்பதைப் பார்த்து முதலில் தண்ணீர் கொடுத்தார். அப்புறம் ஹிந்தியில் கேட்டார்.

"சொல்லுங்க அங்கிள், என்ன விஷயம்?"

"ஒரு கல்லு..." என்றேன்.

"என்ன கல்லு?"

"பழைய கல்லு. எங்க கம்பெனிக்கு வந்திருக்கு."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பேனாவை எடுத்தார். "நல்லது. கம்பெனி பேர் என்ன? உங்க ஐடி கொடுங்க, எழுதிக்கிறேன்."

ஐடி அட்டையை எடுத்துக் கவுன்டர் மேல் வைத்தேன். கண்ணாடிப் பலகை மேல் என் படம் மேலே பார்த்துக்கொண்டு கிடந்தது. அவர் அதை எடுப்பதற்காகக் கை நீட்டினார். அந்த ஒரு நொடியில் எனக்கு என்னவெல்லாமோ தோன்றியது. போலீஸ் வண்டி தொழிற்சாலைக்குள் வருகிறது. எல்லோரையும் வரிசையில் நிற்க வைக்கிறார்கள். மேனேஜர் என்னைப் பார்க்கிறார். ஃபாரிஸை வண்டியில் ஏற்றுகிறார்கள். செல்விக்கு அடுத்த மாதம் கல்யாணம். நான் ஊருக்குப் போக முடியாமல் விசாரணை, கோர்ட் என்று இங்கேயே நிற்கிறேன்.

அவர் விரல் படுவதற்குள் அட்டையை எடுத்துக்கொண்டேன்.

"தப்பா வந்துட்டேன் மேடம். மன்னிச்சுக்குங்க" என்றேன்.

"அங்கிள், பயப்படாதீங்க. உட்காருங்க" என்று அவர் எழுந்தார். நான் அதற்குள் கதவைத் தள்ளி வெளியே வந்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டு வரை திரும்பிப் பார்க்கவில்லை. ஃபாரிஸைக் காப்பாற்றத்தான் வாயை மூடினேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அது இல்லை. அட்டையில் இருந்தது என் படம், என் பெயர். பயந்தது எனக்காகத்தான்.

செவ்வாய்க்கிழமை காலை ஃபாரிஸ் எனக்கு முன்னாலேயே வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்து ஒரு தடவை இறுக்கமாக அழுத்தினார். எதற்கென்று எனக்குப் புரியவில்லை. இன்றைக்கு இருக்கிற வேலையை நினைத்துத்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

"நானே பண்றேன். வேற யாரும் தொட வேண்டாம். கம்பி எங்க இருக்குன்னு வேற யாருக்கும் தெரியாது" என்றார்.

விஷயம் இதுதான். ஆறு சென்டிமீட்டரில் அறுத்தால் மிஷினின் வட்ட வாள் அந்த மூன்று எஃகுக் கம்பிகளிலும் இடிக்கும். இடித்தால் கல் உதறும். ஏற்கனவே உடம்பிலிருந்து பிரிந்த முகம், துண்டு துண்டாகத் தெறித்துவிடும். அதனால் அறுப்பதற்கு முன் மூன்று கம்பிகளையும் உருவியாக வேண்டும். தான் வைத்த தையலைத் தானே பிரிக்க வேண்டும்.

முதலில் முகத்தில் மெல்லிய பருத்தித் துணியை ஒட்டினார். வெந்நீரில் கரைந்துவிடும் பசை. இலையின் நரம்புக்குள்ளும் காயின் குழிவுக்குள்ளும் துணி இறங்கும்படி சின்ன பிரஷால் குத்திக் குத்தி ஒட்டினார். காய்வதற்கு இரண்டு மணி நேரம். அதன் பிறகு கல்லை ரப்பர் பாயின் மேல் முகம் கீழே இருக்கும்படி திருப்பினோம். நான், அவர், அறுப்பு மிஷின் ஆப்பரேட்டர் பழனி. பழனி ராமநாதபுரத்துக்காரன், எங்களோடு பத்து வருடமாக இருப்பவன்.

திருப்பியபோதுதான் கல்லின் பக்கவாட்டில் எதையோ பார்த்தேன். உளியால் அவசரமாகக் கீறிய மாதிரி இரண்டு குறிகள். செதுக்கலின் அழகு எதுவும் அதில் இல்லை.

"முஹந்திஸ், இது என்ன?"

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நெருங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"எங்க ஊர்ப் பழைய எழுத்து. நம்பர்" என்றார். "இந்த வரிசையில இது எத்தனாவது கல்லுன்னு போட்டிருக்கான். நான் ரிப்பேர் பண்ணினப்ப இந்தப் பக்கம் அடுத்த கல்லோட ஒட்டி இருந்துச்சு. யாரும் பார்த்திருக்க முடியாது. இடிச்சதாலதான் வெளியே தெரியுது."

என் கை தானாக அந்தக் குறியின் மேல் போனது. ஆயிரத்து எண்ணூறு வருடத்துக்கு முன்னால் ஒருவன் கல்லைத் தரையில் பரப்பி, இடைவெளி பார்த்து, அதன் மறைவான பக்கத்தில் எண் போட்டு மேலே அனுப்பியிருக்கிறான். பதித்த பிறகு எவனும் பார்க்க மாட்டான் என்று தெரிந்தேதான் போட்டிருப்பான். என் வேலையைச் செய்தவன் ஒருவனை வாழ்க்கையில் முதல்முறையாக அப்படிச் சந்தித்தேன். அந்த எண் இருந்த பகுதிதான் மிச்சம், மேனேஜர் வேண்டாம் என்ற பகுதி.

ஃபாரிஸ் நோட்டை விரித்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாய்வை அளந்து குறி போட்டார். முதுகுப் பக்கமாகத் துளையிட ஆரம்பித்தார். ஒரு விரற்கடை இறங்குவார், நிறுத்துவார், தண்ணீர் விட்டுக் கழுவுவார், மறுபடி அளப்பார். சாதாரணமாக அவர் நிதானமானவர்தான். ஆனால் அன்றைக்கு இருந்த நிதானம் வேறு மாதிரி இருந்தது. துளையிடுவதை நடுவில் நிறுத்திவிட்டு எழுந்து போய்க் கை கழுவினார். டீ கேட்டார். அளந்த இடத்தையே மறுபடி அளந்தார். தொழிற்சாலை கேட் பக்கம் ஒரு வண்டி சத்தம் கேட்டால் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

பழனி என் காதில் சொன்னான்: "அண்ணே, முஹந்திஸ் ஏண்ணே வாசலையே பாத்துக்கிட்டு இருக்காரு?"

"வேலையைப் பாருடா" என்றேன்.

முதல் கம்பி வெளியே வர பதினோரு மணி ஆகிவிட்டது. சுண்ணாம்பை நொறுக்கி, இடுக்கியால் பிடித்து, ஆட்டி ஆட்டி உருவினார். கம்பி துளிகூடத் துருப்பிடிக்காமல் பளபளவென்று வந்தது. அதைத் துணியில் துடைத்து நோட்டின் மேல் வைத்தார். இரண்டாவது கம்பி ஒரு மணிக்கு. மூன்றாவது கம்பிக்குப் பாதித் துளை போட்டிருந்தபோது மேனேஜர் வந்தார்.

"ஒரு கல்லுக்கு ஒரு நாளா? ஜல்தி கரோ பாய்."

ஃபாரிஸ் ஒருதரம் கேட்டைப் பார்த்தார். அங்கே கற்பலகை ஏற்றிய லாரி ஒன்று மட்டும் உள்ளே வந்துகொண்டிருந்தது. "யல்லா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுக் குனிந்தார். மூன்றாவது கம்பியை அரை மணி நேரத்தில் எடுத்துவிட்டார்.

கல்லை மிஷின் மேசையில் ஏற்றி ஆப்பு வைத்து இறுக்கினோம். பழனி வாளை இறக்கினான். ஃபாரிஸ் தண்ணீர்க் குழாயைத் தன் கையிலேயே பிடித்துக்கொண்டு வாள் இறங்கும் கோட்டுக்கு நேராகக் காட்டினார். மிகக் குறைந்த வேகம். மஞ்சள் சேறு மேசையிலிருந்து வழிந்து எங்கள் பூட்ஸ் மேல் ஓடியது. அறுப்பு முடிய முக்கால் மணி நேரம் ஆனது. முடிந்ததும் மிஷினை நிறுத்திவிட்டு மூவரும் காத்திருந்தோம். முகம் ஒரே பலகையாக, ஒரு கீறல் இல்லாமல் தனியே வந்தது. வெந்நீர் ஊற்றித் துணியை உரித்தபோது ஒரு இலை நுனிகூட உடையவில்லை.

அது உடைந்திருக்கலாம் என்று இப்போதும் நினைக்கிறேன். உடைந்திருந்தால் அதை யாரும் சுவரில் மாட்டியிருக்க முடியாது. எங்கள் கைத்திறன் முழுவதும் அன்றைக்கு அந்த அநியாயத்துக்குப் பயன்பட்டது.

"மாஷா அல்லாஹ். பர்ஃபெக்ட்" என்றார் மேனேஜர். ஃபாரிஸின் முதுகில் தட்டிக் கொடுத்தார். பலகையைப் பெட்டியில் வைத்து அடுத்த நாளே அனுப்பிவிட்டார்கள்.

மூன்று துளையோடு மிச்சப் பாறை மேசையில் கிடந்தது. பக்கவாட்டில் அந்த எண். ஃபோர்க்லிஃப்ட் வந்து அதைத் தூக்கிக்கொண்டுபோய்க் கழிவுத் தொட்டியில், உடைந்த மார்பிள் துண்டுகளோடு கொட்டியது. சாயங்காலம் லாரி வந்து தொட்டியை எடுத்துப்போனது. அதெல்லாம் எங்கேயோ ரோட்டுக்கு அடியில் ஜல்லியாகப் போகும். ஃபாரிஸ் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, ஏதோ ஒரு பாத்ரூமுக்காகப் பரப்பியிருந்த தரையில் நடந்துகொண்டிருந்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கல் பக்கத்துக் கல்லைவிடத் தூக்கலாக இருப்பது நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. அதன் மேல் கால் வைத்துக் கடந்து போய்விட்டார். நிற்கவில்லை.

அதற்குப் பிறகு நான்கு மாதம் இருந்தார். விசாவைப் புதுப்பித்துத்தான் கொடுத்தார்கள். ஆனால் அவர் மனைவியின் உறவினர் மூலமாகக் குடும்பத்தோடு வேறு நாட்டுக்குப் போக வழி கிடைத்துவிட்டது. கடைசி நாள் கேட்டுக்கு வெளியே, காரில் ஏறுவதற்கு முன், என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும் அபு செல்வி. அந்தத் திங்கக்கிழமை நானும் அங்க வந்திருந்தேன்."

எனக்கு விளங்கவில்லை. "எங்க?" என்றேன்.

"அந்த ஆபீஸுக்கு. ரோட்டுக்கு அந்தப் பக்கம், மருந்துக் கடை நிழல்ல நின்னுக்கிட்டிருந்தேன். நோட்டு கையில இருந்துச்சு. என்ன ஆனாலும் ஆகட்டும், போய்க் காட்டிடறதுன்னு வந்துட்டேன். அப்பத்தான் நீ உள்ளே போறதைப் பார்த்தேன்."

அவர் காரை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தார்.

"நீ போயிட்டே. இனி நான் போக வேண்டியதில்ல, என் பேரு வெளியே வராதுன்னு சந்தோஷப்பட்டேன். வெக்கமா இருக்கு. ஆனா உண்மை. அப்படியே வீட்டுக்குத் திரும்பிட்டேன். செவ்வாய்க்கிழமை முழுக்க அவங்க வருவாங்கன்னு எதிர்பார்த்தேன். என்னால முடிஞ்ச வரைக்கும் இழுத்தடிச்சேன். நீயும் பார்த்தியே. அவங்க வரல." என் கையைப் பிடித்துக்கொண்டார். "அது உன் தப்பு இல்ல. நீ போய்ச் சொன்ன. நான் கோழை மாதிரி வெளியே நின்னேன், நீ உள்ளே போய்ச் சொன்ன. அந்தக் கல்லுக்காக ஒருத்தனாவது வாயைத் திறந்தான். இதை நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்."

என் தோளைப் பிடித்து இழுத்து நெற்றியில் முத்தமிட்டார். அவர் முகம் ஈரமாக இருந்தது. காரில் அவர் மனைவியும் பிள்ளைகளும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்வதற்கு வாயைத் திறக்கவும் செய்தேன்.

"பரவாயில்ல, முஹந்திஸ்" என்றேன்.